தங்கையன் மேல் கிடக்கும் கோட்டு

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் நீங்கள் அதற்கேற்ற சந்தேகத்தோடு படிக்கலாம்.

சித்திரை வெயில். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனை வராந்தா. வேறொரு செய்திக்காகப் போயிருந்தேன். அந்தச் செய்தி கடைசியில் எதற்கும் உதவாமல் போனது. டயாலிசிஸ் செய்துகொள்ளக் காத்திருந்தவர்களின் வரிசையில், சுவரோரத்து நாற்காலியில், ஒரு மனிதர் முழங்காலுக்குக் கீழே இறங்கும் ஓவர்கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே வேட்டி, ரப்பர் செருப்பு. கோட்டின் நிறம் அறுவடை முடிந்து காய்ந்த தாளின் நிறம். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர் காலரை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார்.

நான் அவரிடம் பேசவில்லை. பெயர் கேட்கவில்லை. பார்க்க வேண்டியவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

அவ்வளவுதான் உண்மை. தங்கையன் என்பது நான் வைத்த பெயர். ராமாயியை அவருக்கு மனைவியாக்கியதும் நான்தான். அவர்கள் ஊர் திருவிடைமருதூரிலிருந்து தெற்கே, பஸ்ஸில் அரை மணி. அந்த ஊருக்கு ஒரு பெயர் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் விட்டுவிட்டேன். இப்படி ஒரு கதையை எந்த ஊர்த் தலையிலும் கட்ட மனமில்லை.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"உலகின் உயரமான மேய்ச்சல் நிலங்களில், எலும்பை உடைக்கும் குளிரில், ஒரு வெள்ளாட்டின் முரட்டு மயிருக்கு அடியில் ரகசியமாக வளரும் —"

துணிக்கடை விளம்பரம். விட்டேன்.

"தங்கையன் உடுத்தியிருந்தது கோட்டு அல்ல, ஒரு —"

இந்த வாக்கியத்தை முடிக்க நிறையச் சொற்கள் வந்தன. வரலாறு, தோல், சாதி, கடல் கடந்த காலம். எல்லாமே நான் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ளும் சொற்கள். அவர் உடுத்தியிருந்தது கோட்டுதான்.

"ஒரு மார்கழி மத்தியானம், தன் கணவரின் மூச்சு நிற்பதற்கு முன் அவர் மேலிருக்கும் கோட்டைக் கழற்றுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று ராமாயி முடிவு செய்ய வேண்டியிருந்தது."

கதை முழுவதும் இதிலேயே வந்துவிடுகிறது. பல வருடம் நாளிதழில் எழுதியவனின் பழக்கம் இது. முக்கியமானதை முதல் பத்தியில் வைத்துவிடுவது. சிறுகதைக்கு இது ஆகாது என்பார்கள். ஆனாலும் இதையே வைத்துக்கொண்டேன். என்ன நடக்குமோ என்று உங்களையும் காக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. ராமாயி காத்திருப்பது போதும்.

3

கோட்டு சாம்பசிவத்தினுடையது.

சாம்பசிவம் அந்த ஊரில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. பாசனப் பொறியாளர். சின்ன வயதில் அரசாங்கம் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. அங்கே முதல் குளிர்காலத்தில், கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு தையற்கடையில் இந்தக் கோட்டை வாங்கினார். கேஷ்மியர். ஆட்டின் மேல்மயிர் இல்லை. அதற்கு அடியில் குளிருக்காக மட்டும் வளர்ந்து, குளிர் போனதும் தானே உதிர்கிற மென்மயிர். அதைச் சீவி எடுப்பார்கள். ஒரு கோட்டுக்கு ஒரு சிறு மந்தையே வேண்டும்.

(இதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஆடுகள் நன்றாக வந்திருந்தன. ஆனால் மனிதர்களை மறைத்துக்கொண்டு நின்றன.)

டெல்டாவில் ஓவர்கோட்டுக்கு வேலை கிடையாது. மார்கழி விடியலில்கூட ஒரு துண்டு போதும். சாம்பசிவம் ஊர் திரும்பிய பிறகு கோட்டு பழைய பெட்ஷீட்டில் சுற்றப்பட்டு, வேப்பிலை போடப்பட்டு, பீரோவின் அடித்தட்டுக்குப் போனது. தூக்கிப் போடவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

மனைவி இறந்து, மகன் ரகுராமன் பெங்களூரில் வேலையாகி, சாம்பசிவம் தனியாக இருந்த கடைசி வருடங்களில் அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பார்த்துக்கொண்டது ராமாயி. அவள் தெருவிலிருந்து அந்த வீட்டின் நடு அறை வரைக்கும் போன முதல் ஆள் அவள்தான். அதற்கு ஒரு கிழவர் படுக்கையில் விழ வேண்டியிருந்தது.

சில மத்தியானங்களில் சாம்பசிவம் சொல்வார்: "ராமாயி, கதவைச் சாத்து. ஃபேனை முழுசா வை."

பிறகு கோட்டை எடுக்கச் சொல்வார். அவள் கைகளை நுழைத்துப் போட்டுவிடுவாள். ஃபேன் தலைக்கு மேல் தடதடவென்று சுற்றும். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேர்வை காதோரம் வழியும்.

"புழுங்கலையாங்கய்யா?"

"செத்த நேரம். இரு."

அந்த ஆசையை விளங்கிக்கொள்வதற்காக நானே சென்னையில் ஒரு பெரிய கடைக்குப் போய் ஒரு கேஷ்மியர் சால்வையைத் தொட்டுப் பார்த்தேன். விரல் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று விரலுக்கே உறுதியாகத் தெரியவில்லை. அதற்கென்று சொந்தச் சூடு ஒன்றும் இல்லை. என் கையின் சூட்டை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, எனக்கே திருப்பிக் கொடுத்தது. உடம்பில் சூடே மிஞ்சாத ஒருவருக்கு அது எதைத் திருப்பிக் கொடுக்கும் என்று விற்பனைப் பையனிடம் கேட்க வாய் வரவில்லை.

4

சாம்பசிவம் இறந்தார். பதின்மூன்றாம் நாள், அவருடைய துணிமணிகள் எல்லாம் மூட்டையாகக் கட்டி ராமாயிக்குக் கொடுக்கப்பட்டன.

அந்த வீட்டில் ஒரு வழக்கம்: இறந்தவரின் துணியைப் பிரித்துப் பார்த்து, இது எனக்கு, இது உனக்கு என்று பொறுக்கக் கூடாது. பொறுக்குகிறவர்களுக்குப் போனவர் மேல் இல்லாத ஆசை துணி மேல் இருக்கிறது என்று அர்த்தம். பீரோவில் இருந்ததை இருந்தபடி சேலையில் வாரிக் கட்டினாள் மருமகள் வித்யாலக்ஷ்மி. பெட்ஷீட் சுருணையைப் பழைய கம்பளி என்று நினைத்தாள்.

ராமாயி வீட்டில் போய்ப் பிரித்தாள். மறுநாள் காலை கோட்டை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இது பெரியய்யாவோட கோட்டுங்கம்மா. தெரியாம சேந்து வந்துடுச்சு."

வித்யாலக்ஷ்மி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். "கொடுத்ததைத் திரும்பி வாங்கப்படாது ராமாயி. எடுத்துண்டு போ. தங்கையனுக்குப் போத்தி விடு."

அதனால், சட்டப்படியும் வழக்கப்படியும், கோட்டு ராமாயியுடையது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ராமாயி ஏனோ நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

தங்கையன் வாடகைக்கு டிராக்டர் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் போய்வரத் தொடங்கியிருந்தார். இரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றிவிட்டு உள்ளே வரும். அது வந்ததிலிருந்து அவருக்குக் குளிர் விடவில்லை. "வெளிய போற ரத்தம் ஊரச் சுத்திப் பாத்துட்டு, எளநி குடிச்சுட்டு வருது போலருக்கு" என்பார். கோட்டைப் போட்ட அன்றுதான் நடுக்கம் நின்றது. அதன் பிறகு கழற்றவில்லை.

டீக்கடையில் கேட்டார்கள்: "என்னா தங்கையா, லண்டனுக்கா?"

"லண்டன்லேந்து இப்பத்தான்டா எறங்குனேன். பஸ்ஸு கெடைக்கல, நடந்து வர்றேன்."

"எங்களுக்கெல்லாம் ஒன்னும் வாங்கியாரலையா?"

"இந்தா, குளிரு வாங்கியாந்துருக்கேன். கையக் குடு."

கையை நீட்டிய ஆள், அவர் விரல்கள் பட்டதும் சிரிப்பை நிறுத்தினானாம். (இந்த 'னாம்' எதற்கு? யாரும் எனக்குச் சொல்லவில்லையே. செய்தியாளன் புத்தி, கற்பனைக்கும் ஒரு சாட்சி தேடுகிறது.)

5

மதுவந்தியை முதல் வரைவில் கெட்டவளாக எழுதினேன். சாம்பசிவத்தின் பேத்தி, ரகுராமனின் மகள். கறுப்புக் கண்ணாடி, வாடகைக் கார், தெருவைப் பார்த்து மூக்கைச் சுளிப்பது. அப்படி எழுதினால் சுலபம். நீங்களும் நானும் ராமாயி பக்கம் வசதியாக நின்றுகொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வரைவிலும் அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவளாகிக்கொண்டே வந்தாள். கடைசியில் கும்பகோணத்திலிருந்து டவுன்பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் ஆரஞ்சுப் பழங்களோடு. சிறுநீரகம் போனவர் சாப்பிடக் கூடாத பழம். அது அவளுக்குத் தெரியாது. ராமாயி வாங்கி வைத்துக்கொண்டாள், சொல்லவில்லை.

மதுவந்தி பெங்களூரில் பழைய ஆடைகளைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் சின்னக் கூடம் ஒன்றை நடத்துகிறாள். தாத்தாவின் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது: மழை நனைத்த வெளிநாட்டுத் தெருவில், இந்தக் கோட்டோடு. காலரின் வெட்டையும் பையின் சரிவையும் வைத்து எந்தக் கடைத் தையல் என்று கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கடை மூடி வெகு காலம் ஆகிவிட்டது. அவர்கள் தைத்த கோட்டுகளில் மிஞ்சியவை மிகச் சில. (விற்கப் போகிறாள் என்றும் ஒரு வரைவில் எழுதினேன். பொய்யாகப் பட்டது. அவளுக்கு அது வேண்டும், அவ்வளவுதான். வேண்டும் என்பதற்கு மேலே ஒரு காரணத்தைத் தேடினால் அது மங்கிவிடுகிறது.)

"ராமாயிம்மா, கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமா?"

பதில் சொன்னது கட்டிலில் உட்கார்ந்திருந்த தங்கையன். "தொடு பாப்பா. கடிக்காது. இப்பத்தான் சோறு போட்டுருக்கு."

அவள் குனிந்து காலரின் மடிப்பைத் தடவினாள். ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். பொத்தான் துளையைச் சுற்றி கையால் போட்ட நூல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது, பசித்தவர்கள் முகம். பிறகு, யாரும் எதிர்பாராமல், அவர் தோளில் மூக்கை வைத்தாள்.

தங்கையன் கூசி விலகினார். "மருந்து நாத்தம் அடிக்கும் பாப்பா."

"தாத்தா வாசனை இருக்குமோன்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இல்ல."

"எப்படி இருக்கும்? இப்ப நாந்தான குடியிருக்கேன்."

மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் அவள் கேட்டாள். "நீங்க போட்டுக்கற வரைக்கும் போட்டுக்கோங்க. அப்புறம் எனக்குக் குடுத்துடறேளா?"

"அப்புறம்னா எப்ப பாப்பா?"

அவள் வெளுத்துப் போனாள். "இல்ல... நீங்க நல்லானதுக்கு அப்புறம்."

"நல்லாயிட்டா நானே கொண்டாந்து வெச்சுட்டுப் போறேன். இல்லாட்டி இவ குடுப்பா." மனைவியைப் பார்த்தார். "குடுப்பல்ல?"

ராமாயி சொன்னாள்: "குடுப்பேன்."

வாசல்வரை வந்த ராமாயியிடம் மதுவந்தி இன்னொன்றும் சொன்னாள். "அப்பா தை பொறந்ததும் வரார். இந்த மனைக்குக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் மத்ததை விக்கப் போறாராம்."

ராமாயியின் வீடு நிற்கிற மனை இன்னும் சாம்பசிவம் பெயரில்தான் பட்டாவில் இருந்தது. எழுதித் தருகிறேன் என்று சாம்பசிவமே பலமுறை சொன்னதுதான். இப்போது பெரிய வீடும் பக்கத்து நிலமும் மனைப்பிரிவு போடுகிற ஒருவருக்கு விலை பேசியாகிவிட்டது. ரகுராமன் இதை மட்டும் பிரித்து எழுதாவிட்டால், அதுவும் சேர்ந்து போகும்.

கோட்டையும் மனையையும் மதுவந்தி முடிச்சுப் போடவில்லை. அவள் மனத்தில் அப்படி இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். நான்தானே அவளை எழுதினேன். ஆனால் ராமாயி முடிச்சுப் போட்டாள். நீங்களும் இப்போது போட்டிருப்பீர்கள்.

6

ராஜாத்தி அடுத்த வீடு. தெருவில் யாராவது கடைசிக் கட்டத்தில் இருந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வந்து பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள், மூக்கு நுனியைப் பார்ப்பாள், "கழட்டிருங்க" என்பாள். உடம்பு விறைப்பதற்கு முன் தோட்டையும் மூக்குத்தியையும் அவளே பதமாகத் திருகி எடுப்பாள். அவள் கணக்கு எப்போதும் சரியாக இருந்ததில்லை. அதே தெரு முருகையனுக்கு அரைஞாணைக் கழற்றச் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்து இரண்டு வருடம் இருந்தான். வெள்ளி அரைஞாண். அதற்குள் விற்றுவிட்டிருந்தார்கள். சாகும்வரை பெண்டாட்டி பிள்ளைகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆரஞ்சுகளை அவளிடம் கொடுக்கப் போனபோது ராமாயி நடந்ததைச் சொன்னாள்.

"என்னான்னு சொன்ன? குடுப்பேன்னா?"

"கேட்டுச்சு. இவரும் குடுப்பல்லன்னாரு. சொல்லிட்டேன்."

"கூறு கெட்டவளே! ராவும் பகலும் அதுக்குள்ளதான கெடக்கான். அதுக்குள்ளயே உசுரு போனா எப்படிடி குடுப்ப?"

ராமாயி கையிலிருந்து ஒரு ஆரஞ்சு உருண்டு போனது. குனிந்து எடுக்கவில்லை.

இங்கே நான் நின்று ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சாகிறவர் உடம்பிலிருந்து நகையைக் கழற்றுவது பல வீடுகளில் நடப்பது, பார்த்திருக்கிறேன். துணியைப் பற்றிய இந்த வழக்கம் இந்தக் கதைக்குள் இருக்கும் ஊருக்கு மட்டும் உரியது: மூச்சு நிற்கும்போது உடம்பின் மேல் எந்தத் துணி இருக்கிறதோ, அது பிணத்தோடு போக வேண்டும். இன்னொரு வீட்டுக்குப் போகக் கூடாது. வெளுத்தாலும் வெயிலில் போட்டாலும் தீராது, உடுத்துகிறவரைப் பிடிக்கும். மூச்சு நிற்பதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்துவிட்டால் அது வெறும் துணி.

சாம்பசிவம் வீட்டுக்கு ஒரு துணி வழக்கம், இந்த வீட்டுக்கு ஒரு துணி வழக்கம். இரண்டும் இப்படிப் பொருந்தி உட்காருவது எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டு வழக்கம் அந்த வீட்டுக்காரர்களுக்கு ஒரு கோட்டைத்தான் செலவு வைத்தது.

7

ராமாயி மதுவந்திக்கு போன் போட்டாள். சுற்றி வளைத்துத்தான் சொன்னாள்.

"ராமாயிம்மா, அதெல்லாம் நான் நம்பறதில்ல. எப்ப குடுத்தாலும் வாங்கிப்பேன். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"நீ நம்பலன்னா ஒன்னும் ஆவாதாம்மா?"

இது வாதத்துக்குக் கேட்ட கேள்வி இல்லை. ஸ்கூல் லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னி விட்டவள் ராமாயி. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கோட்டுக்குப் பதில் வேறு எதையாவது போர்த்திப் பழக்கிவிடலாம் என்று பார்த்தாள். இரண்டு கம்பளி, ஜமுக்காளம், தன் புடவைகள் நான்கு. போர்வைகளின் கனத்தில் தங்கையனுக்கு மூச்சு முட்டியது, நடுக்கம் நிற்கவில்லை. மகள் மலர்க்கொடி கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் புது ஜாக்கெட் ஒன்று வாங்கி வந்தாள். பஞ்சு வைத்தது, பனிப்பிரதேசத்துக்குப் போகிறவர்கள் போடுவது.

தங்கையன் கோட்டின் மேலேயே அதைப் போட்டுப் பார்த்துக் கழற்றிவிட்டார். "இது சலசலன்னு பேசிக்கிட்டே இருக்கும்மா. நான் எப்பத் தூங்குறது?"

கொல்லையில் அம்மாவும் மகளும் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டார்கள்.

"அந்த மனை என்னம்மா, அவங்க போடுற பிச்சையா? எத்தன வருசமா குடியிருக்கோம். சட்டம் இருக்கு. நான் மனு எழுதுறேன்."

"எழுது. எப்ப வரும்?"

மலர்க்கொடி பொய் சொல்லத் தெரியாதவள். "வருசக்கணக்குல ஆகலாம்."

"வாங்குறவன் அதுவரைக்கும் வேலி போடாம ஒக்காந்துருப்பானா?"

"அதுக்காக அப்பாவ உரிச்சுப் போட்டு ஒரு கையெழுத்து வாங்கணுமா? இதச் செஞ்சீன்னா நான் ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன்."

"நீ கும்மோணத்துல வாடகைக்கு இருக்க. கெளம்பிருவ. நான் இங்கதான் கெடக்கணும்."

சொன்ன பிறகு ராமாயிக்குத் தன் பேச்சே பிடிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

(தங்கையனிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். என்னவென்று கேட்பது? நீங்கள் எப்போது போவீர்கள் என்று சொன்னால் அதற்கு முன் கழற்றிக்கொள்கிறேன் என்றா? கேட்கிற மாதிரி ஒரு காட்சியும் எழுதினேன். அதில் அவர் ஒரு நகைச்சுவை சொல்லி அவளைக் காப்பாற்றிவிட்டார். அவர் அப்படித்தான் செய்வார். அதனால்தான் அந்தக் காட்சி இங்கே இல்லை.)

8

மார்கழி. இனி கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். சம்பா பால் பிடித்து முற்றத் தொடங்கியிருந்தது. காலையெல்லாம் பெய்த மழை மத்தியானம் விட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் வெயில் விழுந்தது. மலர்க்கொடி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். மதுவந்தி அன்று ஊரில் இல்லை, இங்கே நடப்பது அவளுக்குத் தெரியாது.

தங்கையன் மல்லாந்து கிடந்தார். கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. அவருடைய மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி விழ ஆரம்பித்தது.

ராஜாத்தி வந்தாள். பாதத்தைத் தொட்டாள். மூக்கைப் பார்த்தாள். கூடத்தின் மூலைக்கு ராமாயியை இழுத்துக்கொண்டு போனாள்.

"கழட்டுறதுன்னா இப்பக் கழட்டு."

"முருகையனுக்கும் இப்படித்தான சொன்ன?"

"சொன்னேன். தப்பாப் போச்சு. ஆனா அவன் அரைஞாணு இல்லாம ரெண்டு வருசம் இருந்தான். இவன் இது இல்லாம இருப்பானா?" ராஜாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் கழட்ட மாட்டேன்டி. நகைன்னா கழட்டுவேன். இது நீ செய்ய வேண்டியது. வேணாம்னா விட்டுரு. நான் யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்."

அவள் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

ராமாயி அப்போதுதான் பாத்திரம் கழுவிவிட்டு வந்திருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். முதல் பொத்தானை அவிழ்த்தாள். கொம்பில் செய்த பெரிய பொத்தான், சத்தமில்லாமல் வந்தது. இரண்டாவதில் கை வைத்தாள்.

தங்கையன் கண்ணைத் திறந்தார்.

"யாரு?"

"நாந்தாங்க."

"வாசல்ல யாரு நிக்கிறா?"

"ராஜாத்தி."

"கூலி எதுவும் குடுத்துறாத. அவ கணக்கு தப்பும்."

சிரிக்க முயன்றார், வரவில்லை. பிறகு தன் கழுத்தடியில் இருந்த அவள் கையைப் பார்த்தார். மெதுவாகத் தன் கையைத் தூக்கி அதைப் பிடித்தார்.

"ஒங் கை என்னா இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"உள்ள வையி."

அவிழ்ந்த பொத்தானின் வழியாக அவள் கையைக் கோட்டுக்குள்ளே இழுத்து, தன் நெஞ்சின் மேல் வைத்து, வெளியிலிருந்து தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கண்ணை மூடினார்.

9

நான் யோசித்து வைத்திருந்த முடிவுகள்:

அ. அவள் கழற்றுகிறாள். தையில் கையெழுத்து விழுகிறது. மனை அவளுடையதாகிறது, அதில் தனியாக இருக்கிறாள். கோட்டு பெங்களூரில் கண்ணாடிக்குள், பூச்சி அரிக்காதபடி குளிரூட்டிய அறையில். ராஜாத்தியின் கணக்கு வழக்கம்போலத் தப்பி, தங்கையன் கோட்டு இல்லாமல் மறுநாள் காலைவரை இருந்தார். (இந்த ஒரு வாக்கியத்தை எழுதிய பிறகு அன்று வேறெதுவும் எழுத முடியவில்லை.)

ஆ. அவள் கழற்றவில்லை. கோட்டு அவரோடு எரிகிறது. கம்பளி எளிதில் பற்றாது. புகைந்து, மயிர் கருகும் நாற்றம் வரும். இதைக் கேள்விப்பட்டு ரகுராமன் பெருந்தன்மையாகக் கையெழுத்துப் போடலாம். போடாமலும் இருக்கலாம். தை பிறக்கும்வரை, சொல்லைத் தவறவிட்டவளாக, அவள் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இ. மூச்சு நின்ற பிறகு கழற்றுகிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்ற சொல்லை ராஜாத்தி காப்பாற்றுகிறாள். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கிறது. இனி எப்போது மதுவந்திக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும், பஸ்ஸில் சறுக்கி விழுந்தாள் என்று கேட்டாலும், அதைச் செய்தது தான் என்று ராமாயிக்குத் தெரியும்.

மூன்றும் கதையாக நிற்கும். எதை எழுதி அனுப்பினாலும் பத்திரிகையில் போடுவார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, முடிக்காமல் விடுவது. அது கருணை என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன். எழுதாதவரை தங்கையனின் மூச்சு நிற்காது, அவருக்குக் குளிராது. ஆனால் எழுதாதவரை ராமாயியும் அந்தக் கட்டிலின் விளிம்பில், குனிந்தபடி, இடுப்பு வலிக்க, முடிவெடுக்காமல் உட்கார்ந்தே இருப்பாள். அவருக்குக் காட்டும் கருணையை அவள் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

ஆகவே முடிவு வேண்டும். அது என்னிடம் இல்லை. அ, ஆ, இ என்ற மூன்றையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். நான்காவதை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அவளுக்குச் சொந்தக்காரர் இல்லை, அந்தக் கோட்டும் உங்களுக்கு வேண்டாம். என்னைவிட நிதானமாக உங்களால் யோசிக்க முடியும். அதிக நேரம் இல்லை. தங்கையன் ஒரு மூச்சை உள்ளே இழுத்திருக்கிறார். இன்னும் வெளியே விடவில்லை. தெருமுனையில் பஸ் நிற்கும் சத்தம் கேட்கிறது.

நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் அவள் தன் கையை அவர் நெஞ்சிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதை நான் எழுத மாட்டேன்.